மூணேகால் மணி நிழல்

மணல் மணி கேட்டால் சரியான நேரத்தைச் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகக் கூடாது என்பது எங்கள் தேரிவிளையில் இப்போது வழக்கமாகிவிட்டது; வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற மருமகள்களுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது, குடிதண்ணீர் எந்த நாளில் வரும் என்பதோடு சேர்த்து இதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று சில பெண்கள் கேட்பார்கள். அவர்களை உட்காரவைத்து வேடியப்பன் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேரி என்பது எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற செம்மணல் காடு. ஆடிக் காற்றில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், அங்கங்கே உடைமரம் குடை விரித்தது போல் நிற்கும், அதன் நிழலில் எங்கள் ஆடுகள் படுத்திருக்கும். உலகத்துப் பாலைவனமெல்லாம் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு சிப்பாய் எதிரி கண்ணில் படாமலிருக்க மஞ்சள் துணியாக அச்சடித்து வைத்திருந்த மறைவுடைச் சோதனைக் கூடம் என்கிற அலுவலகத்தார், சிவந்த மணலில் படுத்தால் தங்கள் சிப்பாய் பழுத்த பூசணிக்காய் மாதிரி தெரிகிறான் என்பதை எப்போதோ கண்டுகொண்டு, எங்கள் தேரியைப் படம் எடுத்துப் புதுத் துணி அடிக்கலாமென்று கேமராவும் ஆளுமாக ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மணலின் சிவப்பு, அதற்குள் ஓடுகிற துருநிறம், காய்ந்த பனையோலையின் சாம்பல், உடைமரத்தின் நிழல் எல்லாவற்றையும் பிற்பகல் மூணேகால் மணிக்கு ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டு, படம் எடுத்தவர் பேருந்து நிறுத்தத்தில் சுயம்புக்கனியின் கடைக்கு வந்து டீ குடித்தார். குடித்துவிட்டு, இந்தப் பக்கம் ஆளே கிடையாது போலிருக்கிறதே, நல்ல வசதியான இடம் என்று அவளிடமே சொன்னார். டீ ஆற்றிக்கொடுத்தவள் யார் என்று அவருக்குத் தோன்றவில்லை, எட்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் கண்ணில் படவில்லை.

அப்படி அடித்து வந்த துணியைச் சோதிக்கப் பங்குனி மாதம் பத்து சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு சந்திரகாசன் என்கிற அதிகாரி வந்தார். மூங்கிலில் கோபுரம் கட்டி, மேலே நாற்காலி போட்டு, தொலைநோக்கியோடு உட்கார்ந்து, பத்து பேரையும் தேரிக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். கண்ணாடி பளிச்சிடும் என்று கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலையைத் தூக்கக் கூடாது, வெயில் திரும்பத் திரும்ப நேரத்துக்குத் தக்கபடி நீயும் திரும்பிப் படுக்க வேண்டும், கண்டுபிடிக்கப்பட்டவன் மட்டும்தான் எழுந்திருக்கலாம் என்பது உத்தரவு. ஒருவன் தும்மி மாட்டினான், ஒருவன் முதுகைச் சொறிந்து மாட்டினான், இப்படி ஒன்பது பேரையும் கண்டுபிடித்து, மாட்டிக்கொண்ட குற்றத்துக்காகக் கொதிக்கிற மணலில் உருளவைத்தார்கள். பத்தாமவனைச் சாயங்காலம் வரை தேடியும் காணவில்லை. கோபுரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள், காகிதத்தில் முழு வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது பேரோடு வண்டி ஏறிப் போய்விட்டார்கள். பத்தாமவனை ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம்; கூப்பிட்டால் எழுவான், எழுந்தால் தெரிவான், தெரிந்தால் காகிதத்தில் எழுதிய வெற்றி கெட்டுப்போகும் என்று கூப்பிடவில்லை.

மறுநாள் காலை சுயம்புக்கனி அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கத் தேரிக்குள் போனபோது, அக்கா, மணி என்ன என்று மணல் கேட்டது. அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்து ஏழே முக்கால் என்றாள். நன்றிக்கா என்று சொல்லிவிட்டு மணல் சரசரவென்று கொஞ்சம் புரண்டு அடங்கியது. அவள் சுள்ளிக்கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, “தேரியில ஒரு பையன் கெடக்கான். ரொம்பப் பசியில கெடக்கான் போல, சத்தமே எழும்பல” என்றாள், நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போனோம்.

மூன்று நாள் தேடினோம். குரல் ஒரு நேரம் மேட்டிலிருந்து வந்தது, ஒரு நேரம் காலடியிலிருந்து வந்தது, கிட்டே போனால் மணலும் நிழலும்தான் இருந்தன. கம்பால் குத்திப் பார்க்கலாமென்று சிலர் கிளம்பினார்கள், கண்ணில் கிண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பாதியில் விட்டுவிட்டோம். நீயாவது எழுந்து வாயேன் என்று கெஞ்சியதற்கு, கண்டுபிடித்தால்தான் எழலாம், பத்து பேரில் நான் ஒருத்தன்தான் பாஸ் ஆகியிருக்கிறேன், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. பெயர் வேடியப்பன், ஊர் அரூர் பக்கம், கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. உத்தரவு போட்டவன் ஊருக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் தூங்க, உத்தரவைக் கேட்டவன் மணலில் முகம் புதைத்துக் கிடக்கிறானே என்று எங்களுக்கு ஆத்திரமாக வந்தது, அவனிடம் காட்டி என்ன பிரயோஜனம்.

ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும் ஊர் பழகிவிட்டது. காலையும் மாலையும் தூக்குவாளியை ஒரு உடைமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வோம், மறுபடி பார்க்கும்போது வாளி காலியாக இருக்கும். சோறு ஒத்துக்கொள்ளவில்லை, கேழ்வரகுக் களி கிடைக்குமா என்று பத்தாம் நாள் கேட்டான். சுயம்புக்கனி திட்டிக்கொண்டே உடன்குடிச் சந்தையில் கேழ்வரகு வாங்கி வந்து, கிண்டத் தெரியாமல் கிண்டி, கட்டி கட்டியாக வைத்தாள், அதையும் தின்றுவிட்டு நல்லாயிருக்குதுக்கா என்றான். காது மணலில் இருந்ததால் தேரி முழுக்க நடக்கிற காலடி அவனுக்குக் கேட்டது. காணாமல் போன ஆடு எந்தப் பள்ளத்தில் நிற்கிறது, எவன் எவன் ஆட்டைக் கள்ளத்தனமாக ஓட்டிக்கொண்டு போகிறான் என்றெல்லாம் சொல்லிவிடுவான், ஆட்டுத் திருட்டே நின்றுபோயிற்று. பெண்களுக்குத்தான் பெரிய தொந்தரவு, விடிகாலையில் அவர்கள் ஒதுங்குவதற்கு அந்தத் தேரியை விட்டால் வேறு இடமில்லை. தலை கவிழ்ந்துதான் கிடக்கிறேன், எதையும் பார்க்க மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். “கேக்கும்லா” என்றாள் ஒருத்தி. ஆகையால் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டித் தரும்படி மனுக் கொடுத்தோம். தேரிவிளையில் எல்லா வீட்டிலும் கழிப்பறை கட்டி ஆறு வருஷமாகிறது என்று பதில் வந்தது, கட்டிய கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் போட்டிருந்தார்கள். காகிதத்தில் இருக்கிற கழிப்பறையில் காகிதத்தில் இருக்கிறவன்தான் போக முடியும், நாங்கள் பழையபடி தேரியின் தென்கோடிக்குப் போனோம்.

இவ்வளவிலும் அவன் ஓயாமல் மணி கேட்டுக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்கிறவர்கள், சுள்ளி பொறுக்குகிறவர்கள், முந்திரிக்கொட்டை எடுக்கிறவர்கள் என்று யார் போனாலும் கேட்பான், யாராக இருந்தாலும் சரியாகச் சொல்வோம். சும்மா கிடக்கிறவனுக்கு நேரம் போகவில்லை, பாவம், அதையாவது சரியாகச் சொல்வோமே என்பது எங்கள் நினைப்பு. சுயம்புக்கனிக்கு அதில் பெருமைகூட உண்டு, தன் போனில்தான் நேரம் நிமிஷம் பிசகாது என்பாள்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் லிங்கதுரை இதற்குள் சோதனைக் கூடத்துக்கு நாலு கடிதம் போட்டிருந்தார். நாலாவதற்குப் பதில் வந்தது, கெட்டித் தாளில், முத்திரையோடு, சுத்தத் தமிழில்: சிப்பாய் வேடியப்பன் முழுமையாக மறைந்துவிட்டார் என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். எழுதியவர்கள் துணியை மனதில் வைத்து எழுதியிருந்தார்கள். படித்தவர் தமிழ்நாட்டில் மறைந்துவிட்டார் என்றால் எதை நினைப்பாரோ அதை நினைத்தார். தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போய்விட்டார். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு அடியில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நின்றது, வேடியப்பன் படம் கிடைக்காததால் இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு தொப்பிக்காரன் நடுவிலும், லிங்கதுரையும் வார்டு உறுப்பினர்களும் கைகூப்பியபடி சுற்றிலுமாக. காலையில்தானே அவனுக்குக் களி வைத்தோம், பேசினானே என்று கேட்டதற்கு, “முத்திரை போட்டுல்லா வந்திருக்கு. அவன் சத்தத்துக்கு முத்திரை இருக்கா?” என்றார். நாங்களும் அப்போது அதை ஒத்துக்கொண்டு ஒப்பாரிக்கு உட்கார்ந்தோம், இன்றைக்கு நினைத்தால் எங்களையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒப்பாரிச் சத்தம் கேட்டு, யாரு செத்துட்டாங்க என்று தேரிக்குள்ளிருந்து அவனே விசாரித்தான்.

எங்கள் பிளெக்ஸைப் படம் பிடித்துச் சோதனைக் கூடத்தார் தங்கள் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். ஆள் இறந்ததற்கு ஊரே சாட்சி, தேரியில் இனி யாரும் இல்லை. ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்கி ஆளில்லா நிலமான தேரியில் பீரங்கிச் சுடுபயிற்சி நடக்கும், பொதுமக்கள் விலகியிருக்கவும் என்று ரேஷன் கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். லிங்கதுரைக்கு அப்போதுதான் புத்தி தெளிந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடி, ஐயா, உள்ளே உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று மனுக் கொடுத்தார். இருந்தால் காட்டவும் என்று அதன் மேலேயே எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம்தான் வேடியப்பனின் மனைவி கோகிலவாணி வந்தாள். எங்கள் பிளெக்ஸின் படம் போனுக்குப் போன் தாவி அரூர் வரை போயிருக்கிறது. மாமியார் வீட்டில் கூடி அழுது, தாலியைக் கழற்றச் சொல்லி, அவளும் கழற்றியிருக்கிறாள், ஆனால் யாரிடமும் கொடுக்காமல் பர்சில் போட்டுக்கொண்டு, படத்தில் இருக்கிறவன் என் வீட்டுக்காரர் இல்லை என்று பேருந்து ஏறிவிட்டாள். இறங்கினதும் பிளெக்ஸைப் பார்த்தாள், சுற்றிலும் கைகூப்பி நின்ற முகங்களையும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சுயம்புக்கனி அவள் கையைப் பிடித்துத் தேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள், முதல் மேட்டில் ஏறியதுமே, யாருங்க போறது, மணி என்ன என்று மணல் கேட்டது, அந்தக் குரலைக் கேட்டு அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவனோடு சண்டை போட்டாள். பீரங்கி வருகிறது, எழுந்து வா என்றாள். கண்டுபிடிக்காமல் எழுந்தால் உத்தரவை மீறினதாகிவிடும், சிறையில் போடுவார்கள், அதுவும் தவிர நான் படுத்திருக்கிற இடத்தில் அவர்கள் சுடுவார்களா என்று அவன் கேட்டான். சனிக்கிழமை சாயங்காலம், அழுது ஓய்ந்துபோய், எதற்கு எப்போது பார்த்தாலும் மணி கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவள் கேட்டாள். நாங்கள் ஐந்து மாதமாகக் கேட்காத கேள்வி அது.

“திரும்பிப் படுக்கணும் இல்ல கோகிலா” என்றான். “துணியில இருக்கறது மூணேகால் மணி நிழலு. காலையில அத அப்படியே வெச்சா நிழலு எதிர்ப்பக்கமா விழுந்த மாதிரி காட்டிக் குடுத்துரும். மணி தெரிஞ்சாத்தான் அதுக்குத் தக்கன திரும்பிக்க முடியும்.”

கோகிலவாணி எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வந்ததிலிருந்து எங்களிடம் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள். “அஞ்சு மாசமா அவர ஒளிச்சு வெச்சது அந்தத் துணி இல்ல. நீங்கதான்” என்றாள். சுயம்புக்கனி தன் போனை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க மேட்டில் ஏறி நின்றோம். காலை வெயிலில் தேரியின் நிழலெல்லாம் ஊர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கோகிலவாணி மட்டும் கீழே இறங்கி நடந்தாள், மணல் மணி கேட்டது.

“மூணேகால்” என்றாள்.

அவன் ஒரு கணம் தயங்கியிருக்கலாம், முதுகில் வெயில் படுகிற பக்கம் அவனுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் அவள் அவனிடம் அதுவரை பொய் சொன்னதில்லை. மணல் சரசரவென்று புரண்டது, ஊர்ப்பக்கம் சாய்ந்த அத்தனை நிழலுக்கு நடுவில் ஒரே ஒரு நிழல் கடலைப் பார்த்து விழுந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் ஓடவில்லை, நடந்து போய், பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நிழலின் மேல் கையை வைத்து, “கண்டுபிடிச்சிட்டன், எழுந்திரு” என்றாள். கழுத்தை மூடின தாடியும் காதெல்லாம் மணலுமாக ஒரு மனிதன் எழுந்து நின்று, ஏன் பொய் சொன்ன என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதான். உன் சோதனையில் இடி விழ என்று அவனைத் திட்டி, முதுகில் நாலு அடி அடித்து, பர்சைத் திறந்து தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்து, கட்டு என்று கழுத்தை நீட்டினாள்.

திங்கட்கிழமை பீரங்கி வண்டிகளோடும் எண்பது ஆட்களோடும் துணி ஆலைக்காரர்களோடும் சந்திரகாசன் வந்து இறங்கினார். சுயம்புக்கனி வீட்டுக்காரரின் கைலியைக் கட்டிக்கொண்டு வேடியப்பன் அவர் முன்னால் போய் விறைப்பாக நின்று, சல்யூட் அடித்து, தன் எண்ணைச் சொன்னான். அதிகாரி அவனைத் தாண்டி எங்களைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று கேட்டார். வேடியப்பன் என்றோம்.

“வேடியப்பன் மறைந்துவிட்டார். நீங்களே போட்டிருக்கிறீர்களே” என்று பிளெக்ஸைக் காட்டினார். லிங்கதுரை ஓடிப்போய் அதைக் கிழித்தார், தன் முகத்தைத்தான் முதலில் கிழித்தார், ஆனால் அதன் படம் அவர்கள் கோப்பில் இருந்தது. என் மனைவி கண்டுபிடித்தாள் ஐயா, அதனால்தான் எழுந்தேன் என்று வேடியப்பன் சொன்னான். அதிகாரி சிரித்தார். பெண்பிள்ளை கண்டுபிடிக்கிற துணியா இது, இவன் தானாக எழுந்திருப்பான், வேடியப்பன்தான் என்று இனியும் சொன்னால் உத்தரவை மீறினவன் என்று உள்ளே போட வேண்டியிருக்கும், வேடியப்பன் இல்லை என்று சொன்னால் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றார். ஐந்து மாதம் மண்ணில் கிடந்தவனுக்கு அவர்கள் கொடுத்த இரண்டு வழி இதுதான். கோகிலவாணி துவைத்து மடித்து வைத்திருந்த சீருடையைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். “இவ்வளவு நல்ல துணிங்களா? அப்ப நீங்க ஒரு நேரம் படுத்துக் காட்டுங்க” என்றாள்.

ஆலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எண்பது ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரகாசன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, சீருடையை மாட்டிக்கொண்டு, அதே உத்தரவைத் தன் வாயாலேயே மறுபடி சொல்லிவிட்டுத் தேரிக்குள் நடந்தார். எண்பது பேரும் கோபுரத்தில் ஏறியும் இறங்கியும் சாயங்காலம் வரை தேடினார்கள். காணவில்லை. கைதட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள், முழு வெற்றி என்று எழுதினார்கள். அவரைக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அதிகாரி எழுதிய வெற்றியை அதிகாரியை வைத்தே கெடுப்பது யாருக்கு ஆகும். வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே ரேஷன் கடைச் சுவரில் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினார்கள். தேரியில் அதிகாரி ஒருவர் பணியில் இருப்பதால் சுடுபயிற்சி காலவரையறையின்றித் தள்ளிவைக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டு வேடியப்பன் வெகுநேரம் அந்தச் சுவரின் முன்னாலேயே நின்றான். ஐந்து மாதம் அவன் கிடந்தபோது அது ஆளில்லாத நிலம், அதிகாரி ஒரு ராத்திரி கிடந்தால் ஆள் இருக்கிற நிலம். பிறகு அவர்கள் இருவரும் மத்தியானப் பேருந்தில் ஏறினார்கள்; காகிதத்தில் செத்தவனாகவே அரூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறான் என்றும், பகலில் மர நிழல் பக்கமே ஒதுங்குவதில்லை என்றும் கேள்விப்படுகிறோம்.

அவர்கள் பேருந்து ஏறிய மறுநாள் காலை சுயம்புக்கனி சுள்ளி பொறுக்கத் தேரிக்குள் போனாள். ஏம்மா, மணி என்ன என்று மணல் கேட்டது, கொஞ்சம் அதிகாரமாக. அவள் நின்றாள். ஒரு பொய் சொன்னால் போதும், அந்த நிமிஷமே நிழல் காட்டிக்கொடுத்துவிடும், இந்த மனிதர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், மறுவாரம் பீரங்கிகள் வரும். இடுப்பிலிருந்து போனை எடுத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துக்கொண்டாள்.

“ஏழு நாப்பத்தாறு சார்” என்றாள். “நல்லாத் திரும்பிப் படுங்க.”